இடது கன்னத்தில் ஒரு மிட்டாய்

நான்காம் வகுப்பில் முதன்முதலாக நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றது, தின்னாத ஒரு மிட்டாய்க்காக.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில், பாடம் நடக்கும்போது வாயில் எதையாவது அடக்கிக்கொண்டிருப்பது பெரிய குற்றம். எங்கள் வகுப்பு டீச்சர் உத்தர வீதியிலிருந்து குடை பிடித்துக்கொண்டு நடந்தே வருவார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே முதுகால் எங்களைப் பார்த்துவிடுவார் என்பது எங்கள் வகுப்பின் உறுதியான நம்பிக்கை. அன்று ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வாயில என்னடி? வெளியில போய்த் துப்பிட்டு வா."

துப்ப என்னிடம் எதுவும் இல்லை. "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றேன். மிட்டாய் தின்றதோடு பொய்யும் சொன்னதாகக் கணக்காகிப் பெஞ்சின் மேல் ஏற்றப்பட்டேன். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே பெஞ்சு. மூன்றாம் நாள் அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் வாயைத் திறக்கச் சொன்னார். பல்லைப் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் இடது கன்னத்தை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். அந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"வலிக்கறதாடி கண்ணு?"

அந்த டீச்சர் வாயிலிருந்து 'கண்ணு' என்ற சொல்லை அதற்கு முன் எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. வலிக்கவில்லை என்று தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலம் மணி அடித்ததும் என் பையை அவரே ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா தையல் மெஷினில் யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் பதறி எழுந்தாள். நான் என்னவோ செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தாள்.

"நான் இதை மிட்டாய்னு நெனச்சு கொழந்தைய ரெண்டு நாள் நிக்க வெச்சுட்டேன்மா. உள்ள கட்டி மாதிரி இருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்கோ. பெரிய டாக்டர்கிட்ட காமிச்சுடுங்கோ" என்றார் டீச்சர்.

அம்மாவும் அந்த வீக்கத்தைப் பார்த்திருந்தாள். பல் முளைக்கிற வீக்கம் என்று நினைத்து உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு மூன்று வாரம் முன்னால் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவன் என் அண்ணன்.

அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்ளிடத்து மணலில் அவன் கூட்டாளிகளோடு கிரிக்கெட் ஆடுவான். என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. கூட்டிப்போவான். ஆனால் ஆட்டத்தில் சேர்க்க மாட்டான். அன்று எனக்கு ஆத்திரம் வந்து, நட்டு வைத்திருந்த மூன்று ஸ்டம்பில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடினேன். "குடுடி" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தான். நான் திரும்பி நின்று பழிப்புக் காட்டினேன். அவன் கையில் பந்து இருந்தது. சாயம் போன கார்க் பந்து.

பந்து என் இடது கன்னத்தில் பட்டது. அழக்கூட முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் ஓடி வந்து சட்டையைக் கழற்றி ஆற்றுத் தண்ணீரில் நனைத்து என் கன்னத்தில் வைத்து அழுத்தினான்.  அப்பாவின் கையை நினைத்துத்தான் பதறுகிறான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எங்கள் அப்பா டவுன் பஸ் கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கே.கே. நகருக்குப் போகும் வண்டி. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று அவர் கொடுக்கும் குரலுக்கு, இடமே இல்லாத இடத்திலும் ஜனங்கள் இடம் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் குரல் வீட்டுக்கும் வரும். கையும் கூடவே வரும். என்னை அடித்ததில்லை. அண்ணனுக்குச் சேர்த்து வைத்துக் கொடுப்பார்.

"அப்பாகிட்ட சொல்லிடாதடி. என்ன கேட்டாலும் தரேன்" என்றான் அண்ணன்.

குளத்துப் படியில் வழுக்கி விழுந்தேன் என்று வீட்டில் சொன்னேன். வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடிந்தது. ஆனால் 'என்ன கேட்டாலும்' என்று அவன் சொன்னதை நான் வடிய விடவில்லை. மாமா மண்ணச்சநல்லூரிலிருந்து வரும்போது வாங்கிவரும் அல்வாவில் அவன் பங்கு, டிவி ரிமோட், ஜன்னலோரப் படுக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். அவன் முகம் சுளித்தால் போதும், "அப்பா..." என்று வாசல் பக்கம் பார்த்து இழுப்பேன். உடனே கொடுத்துவிடுவான். ஒன்பது வயதில் எனக்கு அப்படி ஒரு தொழில் கைவந்திருந்தது.

டீச்சர் வந்து போன மறுநாளே அப்பா லீவு போட்டுவிட்டு என்னைத் தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்மாவும் வந்தாள். முகத்திலும் தாடையிலும் ஆபரேஷன் செய்கிற பெண் டாக்டர் அங்கே இருந்தார். கட்டை விரலைக் கன்னத்தின் வெளியிலும் ஆள்காட்டி விரலை வாய்க்குள்ளும் வைத்து அந்தக் கட்டியை உருட்டிப் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது, வேகமாகப் பெரிதாகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "கன்னத்துல அடி ஏதாவது பட்டுச்சாம்மா?" என்றார்.

அம்மா யோசித்தாள். "படியில ஒரு தடவ விழுந்தா. ஆனா லேசாத்தான் வீங்குச்சு. அதுதான் ரெண்டு மூணு நாள்ல சரியாப் போச்சே."

டாக்டர் என்னைப் பார்த்தார். "பாப்பா, கன்னத்துல அடிபட்டுச்சா, இல்ல கை கால்லயா?"

என் வருமானம் முழுவதும் அந்த ஒரு பதிலில்தான் இருந்தது. "முட்டியில மட்டும்தான் அடி" என்றேன். கன்னம் ஏன் வீங்கியது என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார்.

ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போனபோது என்னை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் மட்டும் உள்ளே போனார்கள். வெளியே வரும்போது அம்மா முந்தானையை வாயில் வைத்திருந்தாள். அப்பா என் முன்னால் குனிந்து, அதுவரை நான் கேட்டேயிராத ஒரு மெல்லிய குரலில், "என்ன வேணும் சாமி, ஐஸ்கிரீம் சாப்பிடுறியா?" என்று கேட்டார். அப்போது காலை பத்து மணிகூட ஆகவில்லை.

அன்றிலிருந்து என் ராஜ்ஜியம் ஆரம்பமானது.

அடுத்து வந்த மூன்று வாரத்தைப் போல ஒரு சந்தோஷமான காலம் என் சிறுவயதில் வேறு இல்லை. பள்ளிக்கூடம் வேண்டாம் என்றால் வேண்டாம். சாதத்தை மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பாரில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைத் தன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு காலை முழுவதும் சுற்ற வைத்தார். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட். அன்று அவர் "உள்ள போங்க" என்று சொன்னது பின்சீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. அம்மா வாடிக்கைக்காரர்கள் கொடுத்த துணியில் மிஞ்சிய பட்டுத் துண்டுகளை ஒட்டி எனக்கு ஒரு பாவாடை தைத்தாள். தைத்துக்கொண்டே அழுதாள். ஊசி குத்திவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

எல்லாரையும்விட அண்ணன்தான் தாராளமாக இருந்தான். இப்போது நான் மிரட்டவே வேண்டியதில்லை. கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து கொடுத்தான். தபால்தலை ஒட்டிய நோட்டைக் கொடுத்தான். பென்சில் பெட்டியைக் கொடுத்தான். அப்பா வாங்கிக் கொடுத்த சைக்கிளை, "நீயே வெச்சுக்க, பெரியவளானதும் ஓட்டு" என்று சொல்லி அதன் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். மட்டையைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டான். விடிந்ததும் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போய்ப் பிரகாரத்தைச் சுற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போனான். பரீட்சைக்கு வேண்டிக்கொள்கிறான் என்று நினைத்தேன். அப்பாவின் கை மேல் இவ்வளவு பயமா என்று எனக்குள் ஒரு இளக்காரமும் இருந்தது.

நடந்தது என்னவென்று பல வருஷம் கழித்து அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை அப்பா பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தார். அண்ணன் அதை எடுத்துப் படித்திருக்கிறான். அதில் ஒரு ஆங்கில வார்த்தை புரியாமல் பள்ளிக்கூட அகராதியை எடுத்துப் பார்த்திருக்கிறான். அதற்கு நேராக 'கொடிய' என்று போட்டிருந்ததாம். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, பதின்மூன்று வயதுப் பையன், தங்கையை நான் கொன்றுவிட்டேன் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு நடமாடியிருக்கிறான்.

அடுத்து, வாய்க்குள்ளிருந்து கட்டியில் ஒரு சிறு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதைப் பார்ப்பதற்கென்று ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு டாக்டர் இருந்தார். நோயாளிகள் யாரும் அவரைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பதெல்லாம் கண்ணாடிச் சில்லில் ஒட்டிய சதையைத்தான். ஆனால் அவர் எங்களை நேரில் வரச் சொல்லி அனுப்பினார். அன்று அண்ணனுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. நானும் வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்று கூட வந்தான்.

சின்ன அறை. மருந்து நெடி. ஒல்லியான, வயதான மனிதர். என்னைப் பக்கத்தில் அழைத்து மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்க்கச் சொன்னார். ஊதாவும் ரோஸுமாகக் கோலப்பொடியைச் சிந்தியது மாதிரி இருந்தது. "எல்லாம் நீதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அம்மாவிடம் திரும்பினார். "அவசரமில்லைங்கம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு ரெண்டு மாசத்துக்குள்ள பாப்பாவுக்கு இந்தக் கன்னத்துல பலமா அடிபட்டுச்சா?"

"இல்லைங்களே" என்றாள் அம்மா.

"இல்ல" என்றேன் நானும், பழக்கப்பட்ட வாயால்.

"நான்தான் அடிச்சேன்."

அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். யாரும் கேட்காமலேயே, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"ஆத்துல வெச்சு. பந்தால அடிச்சேன். தெரியாம இல்ல. வேணும்னுதான் அடிச்சேன். இவ வழுக்கி விழுந்தான்னு சொன்னது பொய்."

 நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். அது மடியில் கிடந்தது. அசையவில்லை. அந்த டாக்டர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அண்ணனின் தோளைப் பிடித்தார்.

"தம்பி, இங்க பாரு. அடிபட்டா கேன்சர் வராது. யார் வந்து வேற மாதிரி சொன்னாலும் நம்பாத. புரியுதா?" என்றார். அண்ணன் தலையை ஆட்டவில்லை. அவர் அதையே இன்னொரு தடவை சொன்னார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "சார், கெட்ட கட்டி மாதிரியே வேஷம் போடுற நல்ல கட்டி ஒண்ணு இருக்கு. மளமளன்னு வளரும், பாத்தா பயமுறுத்தும். அடிபட்ட எடத்துல வந்ததாச் சிலர் சொல்லுவாங்க, எப்பவும் அப்படின்னும் சொல்ல முடியாது. இது அதுவா இருக்கலாம்னு எனக்கு மொதல்லேர்ந்தே ஒரு எண்ணம். இந்தப் பையன் சொன்னதுல எனக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு வந்திருக்கு. அந்தச் சதைக்கு வேற சாயம் போட்டுப் பாக்குறேன். மெட்ராஸ்ல என் வாத்தியார் ஒருத்தர் இருக்கார், அவருக்கும் அனுப்புறேன். அதுவரைக்கும் பெரிய ஆபரேஷன் வேணாம்."

அந்தக் கட்டிக்கு நாடுலர் ஃபேசியைட்டிஸ் என்று பெயர். சதையைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் முளைப்பது. கையில்தான் அதிகம் வருமாம். குழந்தையின் கன்னத்துக்குள் வருவது அபூர்வம். பெரியவளான பிறகு என் பழைய ஃபைலை எடுத்துப் படித்தேன். முதல் அறிக்கையை நம்பிப் போட்டிருந்த திட்டமும் அதில் இருந்தது. கட்டியோடு சேர்த்துச் சுற்றிலும் கன்னத்தை அகலமாக எடுப்பது, உதட்டை அசைக்கும் நரம்பு போனாலும் போகட்டும் என்று எடுப்பது, பிறகு மருந்து ஏற்றச் சென்னைக்கு அனுப்புவது. தேதிகூடக் குறித்திருந்தார்கள். அதன் மேல் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில், 'பத்து நாள் பொறுக்கலாம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

பின்கட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் சந்தேகப்பட்டதற்கும், அதை எடுத்துச் சொன்னபோது அந்தப் பெண் டாக்டர் கௌரவம் பார்க்காமல் தேதியை அடித்ததற்கும் நான் எப்படி நன்றி சொல்ல முடியும்? இன்றைக்கும் யாராவது என்னைப் போட்டோ எடுக்கும்போது, சிரி என்றால் இரண்டு பக்கமும் சமமாகச் சிரிக்கிறேன். சிரித்து முடித்த பிறகு ஒரு கணம் அவர்கள் இருவரையும், மிட்டாய் என்று நினைத்துப் பெஞ்சில் ஏற்றியவரையும் நினைத்துக்கொள்கிறேன். மூன்றாம் நாளும் டீச்சர் என்னைப் பெஞ்சிலேயே நிறுத்தியிருந்தால் அந்தக் கட்டியை இன்னும் எத்தனை நாள் கழித்துப் பார்த்திருப்பார்களோ.

 அன்று வீடு திரும்பும் வழியில், காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது நான் அண்ணனின் காதில், "வீட்டுக்குப் போனதும் இருக்கு உனக்கு" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டுக்குப் போன பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா அவனிடம் பேசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒருவேளை ஆபரேஷன் முடியட்டும் என்று காத்திருக்கிறார் போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சென்னையிலிருந்து பதில் வந்தது. அந்த வாத்தியாரும் அதையே சொல்லியிருந்தார். பெண் டாக்டர் என் வாய்க்குள்ளேயே சிறிதாகக் கீறி, நெல்லிக்காய் அளவு இருந்த அந்தக் கட்டியை மட்டும் எடுத்தார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. முழுக் கட்டியையும் பார்த்துவிட்டுக் கடைசி அறிக்கை தருகிறோம், ஒரு வாரம் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாய்க்குள் தையலோடு, வடிகட்டிய கஞ்சியும் ஆறிய பாலுமாக நான் வீட்டில் கிடந்தேன்.

எட்டாவது நாள், ஒரு சனிக்கிழமை, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே அப்பா வாசலில் வந்து நின்றார். டியூட்டியில் இருக்க வேண்டிய நேரம். காக்கிச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தோல் பை தோளில் அப்படியே தொங்கியது. அம்மா மெஷினிலிருந்து எழுந்தாள். அப்பா அவளைத் தாண்டி, என்னையும் தாண்டி, உள்ளறைக்குப் போனார். அங்கே அண்ணன் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். எழுந்து உள்ளறை வாசற்படிக்குப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்தான். எழுந்து நின்று, கைகளை இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, அடி வாங்குவதற்கு எப்போதும் நிற்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டான்.

அப்பாவின் கை உயர்ந்தது. அது அண்ணனின் பிடரியைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

"ஒண்ணுமில்லையாம்டா. ஒண்ணுமே இல்லையாம். முடிஞ்சுபோச்சு. நீ ஒண்ணும் பண்ணலடா."

அண்ணன் அழ ஆரம்பித்தான். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா போய் அந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் தோள் குலுங்கியது. மூன்று பேரும் அந்தச் சின்ன அறையின் நடுவில் அப்படியே நின்றார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பந்தால் அடிபட்டவள் நான். கட்டி வந்தது எனக்கு. ஊசி குத்தியது எனக்கு. கஞ்சி குடிப்பதும் நான். அடித்தவனை நடுவில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். இது என்ன நியாயம் என்று கேட்கலாமென்றால், தையல் போட்ட வாயைத் திறக்க முடியவில்லை.

கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை என்பதற்காக யாராவது இப்படி அழுவார்களா?